மருட்கை பழகலாம் வாங்க: நெல்லைச் சீமைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வருகிறவர்கள், கல்லூரியில் சேர வருகிறவர்கள், பெண்ணெடுத்த ஊர் என்று வருகிறவர்கள், காலமெல்லாம் சென்னையிலும் துபாயிலும் கழித்துவிட்டு ஓய்வுக்குத் திரும்புகிறவர்கள் என்று எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்: "இங்க என்னல்லாம் பாக்கலாம் அண்ணாச்சி?" நாமும் ஒப்பித்துவிடுவோம். நெல்லையப்பர் கோயில், கிருஷ்ணாபுரம், பாபநாசம், குற்றாலம், வரும்போது டவுனில் அல்வா. அவர்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து அத்தனையையும் முடித்துவிட்டு, ராத்திரி முதுகுவலியோடு வீடு வந்து சேர்வார்கள். செல்போன் நிறையப் படம் இருக்கும். மறுநாள் காலையில் ஆபீசில் அதே எரிச்சல், அதே சிடுசிடுப்பு.

அழகு உயிருக்கு உணவு என்று எல்லாரும் சொல்கிறோம். உணவு என்றால் மென்று விழுங்கவேண்டும், செரிக்க நேரம் விடவேண்டும். இந்த வேன் பயணத்தில் நடப்பதோ பத்து வீட்டுப் பந்தியை எட்டிப் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்புவது. எந்தெந்த இடம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போன இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதை இங்கே எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். இதெல்லாம் வேலையில்லாதவர் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக: ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை முடிந்து படுத்திருந்த நோயாளிகளில் சிலருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள், சிலருக்கு வெறும் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர்கள் அந்த மரத்தைத் தேடிப் போகவில்லை, படம் பிடிக்கவில்லை. படுத்த இடத்திலிருந்து அதே மரத்தை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்புக்கே இப்படி என்றால் உயிருக்கு எப்படியிருக்கும் என்பதை அளக்கக் கருவி கிடையாது. நீங்கள்தான் உங்களிடம் சோதித்துப் பார்க்கவேண்டும்.

முதலில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருக்கிறது. தொல்காப்பியம் மனித உணர்வுகளை எட்டு மெய்ப்பாடாகப் பிரிக்கும்போது வியப்புக்கு மருட்கை என்று பெயர் வைக்கிறது. அது நான்கு வழியில் பிறக்கும் என்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை கண்டிராதது, மிகப் பெரியது, மிக நுணுக்கமானது, ஒன்று இன்னொன்றாக மாறி வருவது. இந்த நான்கையும் மனசில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எங்கே போனாலும் "இங்கே இந்த நாலில் எது இருக்கிறது?" என்று கேட்டால் போதும். சிலையைப் பற்றியோ ராகத்தைப் பற்றியோ ஒன்றும் தெரியாவிட்டால்கூட இந்தக் கேள்வி வேலை செய்யும்.

வியப்பு ஏன் உயிருக்கு ஊட்டம்? என் கணக்கு எளிதானது. வாய் பிளந்து நிற்கும் அந்த நேரத்தில் வீட்டுக் கடன், மேலதிகாரி சொன்ன சொல், பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கார் எதுவும் நினைவில் நிற்காது. 'நான்' என்கிற கணக்குப்பிள்ளை சற்று நேரம் பேனாவைக் கீழே வைக்கிறான். அந்த இடைவேளைதான் ஊட்டம்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று

கிருஷ்ணாபுரத்துக்கும் குற்றாலத்துக்கும் இப்போது போகவேண்டாம். நடந்து போகிற தூரத்தில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். டவுனில் குடியிருந்தால் நெல்லையப்பர் சந்நிதியையும் காந்திமதியம்மன் சந்நிதியையும் சேர்க்கிற சங்கிலி மண்டபம். பாளையில் என்றால் 1826-ல் கட்டிய ஊசிக்கோபுரத் தேவாலயம். ஜங்ஷன் பக்கம் என்றால் சுலோசன முதலியார் பாலம். நெல்லையையும் பாளையையும் தாமிரபரணி ஆறு பிரித்துப்போட்டிருந்த காலத்தில் தன் சொந்தப் பணத்தை இறைத்து அவர் கட்டிக்கொடுத்தது, 1843-ல் திறந்தது. தினமும் ஆயிரம் பேர் ஹாரன் அடித்துக்கொண்டு கடக்கிறார்கள். ஓரமாக நின்று ஆற்றைப் பார்ப்பவர் எத்தனை பேர் என்று நின்றால் தெரியும்.

வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், கால் மணி நேரம். செல்போன் வீட்டில் இருக்கட்டும். யாரிடமும் சொல்லவேண்டாம். இரண்டு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் சலிக்கும். சலித்தால் நல்ல அறிகுறி. தெரிந்ததையெல்லாம் கண் பார்த்து முடித்துவிட்டது, இனிமேல்தான் தெரியாததைப் பார்க்கும். விட்டுவிடாதீர்கள்.

பெருமைக்கு ஒரு ரயில்

நெல்லையிலிருந்து செங்கோட்டைக்குப் போகிற பாசஞ்சர் வண்டியில் ஏறி இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பேட்டை, சேரன்மகாதேவி, காருக்குறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வண்டி மேற்கே போகப் போக மலை உங்களை நோக்கி வரும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பைக்கும் நடுவில் தாமிரபரணியைக் கடக்கும்போது எழுந்து நிற்கவேண்டாம், உட்கார்ந்தே பாருங்கள். அம்பையைத் தாண்டி வண்டி வடக்கே திரும்பினால் மலை பக்கத்திலேயே கூட வரும். தலைப்புறம் பொதிகை. அகத்தியர் மலையின் உச்சி 1,800 மீட்டருக்கும் மேல். அங்கே பிறக்கிற ஆறு புன்னைக்காயலில் கடலில் கலக்கிறவரை பழைய திருநெல்வேலி மாவட்டத்தை விட்டு வெளியே போனதில்லை. வேறு ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லும்போது எங்கள் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? ஆனி, ஆடியில் போனால் மலைமேல் மேகமும் காற்றில் சாரலும், வயலில் கார் சாகுபடியும். மார்கழி, தையில் போனால் பிசானம் என்கிற இரண்டாம் போக நெற்பயிர் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். இரண்டு தடவையும் போங்கள். வண்டி நேரம் அவ்வப்போது மாறும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சிறுமைக்குக் கிருஷ்ணாபுரம்

இப்போது கிருஷ்ணாபுரம் போகலாம். பாளையைத் தாண்டித் திருச்செந்தூர் சாலையில் கொஞ்ச தூரம்தான். வேங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலத்து வேலை. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலோ மாலை நான்கு மணிக்கு மேலோ போங்கள். எனக்கு மாலைதான் பிடிக்கும். வெயில் சாய்ந்து வரும்போது கல்லின் மேடுபள்ளம் எழுந்து தெரியும்.

உள்ளே நுழைந்ததும் யாராவது கதை சொல்ல வந்துவிடுவார்கள். "இவன் கர்ணன் சார், கையில நாகாஸ்திரம் பாருங்க… இது வீமனும் புருஷாமிருகமும்… இது ரதி, அது மன்மதன்." சொல்லட்டும். நல்லதாகவே சொல்வார்கள். தட்டினால் சத்தம் வருகிறது என்று சில சிலைகளைக் காட்டுவார்கள். நீங்கள் தட்டவேண்டாம். ஆயிரம் பேர் தட்டினால் கல்லும் தேயும். சுற்று முடிந்தபிறகு அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, எந்தச் சிலை உங்களை இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவைத்ததோ அதனிடம் தனியாகப் போங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் அரை மணி நேரம்.

உதாரணத்துக்கு, இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன். முதலில் பத்தடி தள்ளி நின்று முழு உருவம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு பாதத்திலிருந்து மேலே வாருங்கள், முகத்துக்கு அவசரப்படவேண்டாம். உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது? தசை எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது? விரல்களுக்கு வாருங்கள். நகம் தெரியும், நரம்பு தெரியும். உளி ஒரு நூலளவு தவறியிருந்தால் விரல் போயிருக்கும், விரல் போனால் தூண் முழுக்கப் போயிருக்கும். சிலையும் தூணும் ஒரே கல். ஒட்டுப்போட வழியில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிறகு பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், பெரும்பாலோர் போகாத பக்கம் அது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் சிற்பி அங்கே வேலையைக் குறைத்திருக்கிறானா என்று தேடுங்கள். கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து முழுசாக ஒருதரம். முதலில் பார்த்த சிலையாக அது இருக்காது.

மற்ற சிலைகள் எங்கும் ஓடிவிடாது. அடுத்த மாதம் வாருங்கள்.

இது கைவந்தபிறகு போக இன்னும் இரண்டு இடங்கள். கழுகுமலை வெட்டுவான் கோயில், 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து பாதியில் விட்ட கோயில். அங்கே மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். முடியாமல் நின்றுபோன பகுதியையும் அதே கவனத்தோடு பாருங்கள், சிற்பி எப்படி யோசித்தான் என்பது அங்கேதான் தெரியும். இன்னொன்று திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்துக்குள் நிலைக்கு நிலை மரச் சிற்பமும் சுவர் ஓவியமும். போர்க்களம், நாயன்மார் கதை, குதிரை ஏற்றி வருகிற கப்பல் என்று ஓர் உலகமே உள்ளே இருட்டில் இருக்கிறது. ஏறிப் பார்க்க அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையென்றால் முகம் சுளிக்காமல் படித்துறையில் போய் உட்காருங்கள். மருத மரத்துப் பறவைகள் போதும். 2005-ல் அந்த ஊரைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள்.

ஆக்கத்துக்குப் பத்தமடை

ஒன்று வேறொன்றாக மாறுவதைப் பார்க்கப் பத்தமடைக்கு மேல் இடமில்லை. ஆற்றங்கரையில் தானாக வளர்கிற கோரை. அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூல்போலக் கிழித்து, சாயம் ஏற்றித் தறியில் நெய்தால் பட்டுப் பாய். நல்ல பாயைத் துணியாகவே மடித்துப் பைக்குள் வைக்கலாம். பரம்பரையாக இதை நெய்பவர்கள் அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள். பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

போனால் கடையோடு திரும்பாதீர்கள். நெய்கிற இடத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். உள்ளே போனால் பேச்சைக் குறையுங்கள், எண்ணிக்கை தவறிவிடும். ஒரு கோரை இழை உள்ளே போவதிலிருந்து ஒரு விரல்கடை அகலம் பாய் ஆகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தபிறகு விலையில் பேரம் பேச உங்களுக்கு வாய் வராது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் நெய்து வேண்டுமென்றால் பல வாரம் முன்னாலேயே சொல்லிவைக்கவேண்டும்.

காருக்குறிச்சி பக்கத்து ஊர்தான். மண்பானைக்குப் பேர்போன ஊர். சக்கரத்தில் களிமண் எழும்புவதையும் ஒருநாள் பாருங்கள். நாதஸ்வர மேதை அருணாசலம் (1921–1964) பிறந்த மண்ணும் அதுவே. அவருடைய ஒரு ராக ஆலாபனையைத் தேடிப்பிடித்து, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு வாரம் தினமும் அதையே கேளுங்கள். புதுசாக வேறொன்றுக்குத் தாவவேண்டாம். இரண்டாம் நாளிலேயே அடுத்து வருவது எதுவென்று மனசு முன்கூட்டிச் சொல்லத் தொடங்கும். அவர் அப்படிப் போகாமல் வேறு பக்கம் திரும்புவார்.

புதுமைக்குக் கூந்தன்குளம்

நாங்குநேரிப் பக்கம் இருக்கிற கூந்தன்குளத்துக்கு தை முதல் பங்குனிக்குள் போங்கள், விடியற்காலையில். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரை. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்தும் உண்டு. முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் என்ற உலகப் பட்டியலில் இடம்பெற்ற நீர்நிலை இது. ஆனால் என்னை வியக்கவைப்பது குளமல்ல, தெரு. வீட்டு வாசல் வேப்பமரத்திலும் கருவேலமரத்திலும் கூடு. கீழே துணி காயப்போட முடியாது. எச்ச நாற்றம் ஊர் முழுக்க. அப்படியும் அந்த ஊர்க்காரர்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்கிற லாபக் கணக்கும் அதில் இருக்கத்தான் செய்கிறது. இருக்கட்டுமே. அழகோடு கூடவே குடியிருப்பது என்றால் நாற்றத்தோடும் குடியிருப்பதுதான்.

பைனாகுலர் ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், பளிச் நிறச் சட்டை வேண்டாம். ஒரே கூட்டை எடுத்துக்கொண்டு பாருங்கள், பறவைகளை எண்ணவேண்டாம்.

தனியாக முடியாதது

இதுவரை சொன்னதெல்லாம் தனியாகச் செய்யவேண்டியவை. ஆனால் சில அழகு கூட்டத்தில்தான் பிடிபடும். ஒன்று, கொடை, அதாவது ஊர்ச் சாமிகளுக்கு எடுக்கிற திருவிழா. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் சுடலைமாடன், அம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இருக்கும். யாராவது உள்ளூர்க்காரர் அழைத்தால் போங்கள், அழைக்காவிட்டால் நீங்களே கேளுங்கள், சந்தோஷமாகக் கூட்டிப்போவார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் புரியாது. கதையை விட்டுவிட்டு, கணியான் கூத்தில் அடிக்கிற மகுடம் என்ற பறையைக் கேளுங்கள். இரண்டு மகுடம் ஒன்றோடொன்று பேசும், ஒன்று அடக்கமாக, மற்றது உச்சத்தில். நள்ளிரவுக்கு மேல்தான் சூடு பிடிக்கும், மத்தியானம் தூங்கிவிட்டுப் போங்கள். சாமியாடுகிறவர் முன்னால் செல்போனை நீட்டாதீர்கள். அது அவருடைய வழிபாடு.

இன்னொன்று, நம் ஊர் கண்டுபிடித்த வழி. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) என்று அழைக்கப்பட்ட சிதம்பரநாத முதலியாரின் நெல்லை வீட்டில் வட்டமான தொட்டிக்கட்டில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நண்பர்கள் கூடுவார்கள். கூடிய இடத்தாலேயே அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்து, நிறுத்தி, மறுபடி படித்து ரசிப்பார்கள். நீங்களும் நாலு பேரைச் சேருங்கள். ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு. ஒவ்வொருவரும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கவேண்டும். உரை பார்ப்பது கடைசியில். எந்தச் சொல்லில் குரல் தானாக நீள்கிறது என்று கவனியுங்கள். யாராவது பிரசங்கம் செய்ய ஆரம்பித்தால் காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே அனுப்பிவிடுங்கள்.

வழியில் வரும் சிக்கல்கள்

ஆறு அழுக்காக இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று கழற்றிப் போடுகிற துணி, நகரத்துக்குள் கலக்கிற சாக்கடை, கால்வாய்களில் பிளாஸ்டிக். கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கச் சொல்லமாட்டேன். ஒரு துறையைக் கொஞ்ச காலம் தொடர்ந்து பார்த்தவருக்கு அங்கே குப்பை விழுந்தால் தன் வீட்டில் விழுந்தமாதிரி வலிக்கும். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் முழுகும்போதெல்லாம் ஊரே பதறுவது அதனால்தான்.

போய் நின்றேன், ஒன்றும் தோன்றவில்லை என்பது அடுத்தது. தோன்றவேண்டும் என்று காத்திருந்தால் தோன்றாது. நகத்தைப் பாருங்கள், இழையை எண்ணுங்கள், வேலை எதையாவது கண்ணுக்குக் கொடுங்கள். துக்க வீட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிலையும் மலையும் உங்களைத் தேற்றும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் ஆற்றுப் படியில் உட்கார்ந்தால் யாரும் உங்களிடம் பேச்சுக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை, அதுவே அப்போது பெரிசு. நாள்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள், ஆற்றுக்கு அப்புறம் போகலாம்.

குற்றாலத்தில் தண்ணீர் பெருகிக் குளிக்கத் தடை போட்டிருந்தால் போலீஸ்காரரிடம் வாதாடாதீர்கள். தள்ளி நின்று பார்க்கிற அருவி குளிக்கிற அருவியைவிடக் குறைந்ததல்ல. அந்த நேரத்தில் சித்திர சபைக்குப் போய்ச் சுவர் ஓவியங்களைப் பாருங்கள், கூட்டமே இருக்காது. முண்டந்துறைக் காட்டுக்குள் வனத்துறை சொல்கிற இடம்வரைக்கும்தான்.

கடைசியாக, ஆனித் திருவிழா. நெல்லையப்பர் தேர் அன்றைக்கு ரதவீதியில் மாடியில் இடம் பிடித்துப் பார்க்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் பார்க்கிறார்கள். முதல் வருடம் நீங்களும் அப்படியே பாருங்கள். இரண்டாம் வருடம் கீழே இறங்கி வடம் பிடியுங்கள். இழுக்கும்போது தேர் கண்ணுக்குத் தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், குழந்தைகளை வடத்துக்கு நடுவில் விடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போங்கள். கைக்கு ஒரு பழைய துண்டு சுற்றிக்கொள்ளுங்கள், வடம் உள்ளங்கையை உரித்துவிடும்.